ஊனமுற்ற சிப்பாயும் சர்க்காரின் பிழையும்

படையில் சேர வரும் இளைஞனைச் சர்க்கார் வைத்தியர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதிக்கிறார்கள். கண், காது, பல், மார்பளவு, இருதயம் ஆகிய யாவற்றையும் பார்த்து, குறையொன்றுமில்லையென்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே அவனைச் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். பத்தாண்டு கழித்து அதே மனிதன் நோய்ப்பட்டுத் துப்பாக்கி ஏந்த இயலாதவனாகும்பொழுது, அதே சர்க்காரின் வேறு வைத்தியர்கள் கூடி, இந்நோய் படை ஊழியத்தால் உண்டானதன்று, படை ஊழியத்தால் அதிகப்பட்டதுமன்று என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியோடு அவனுடைய ஊன உபகாரச் சம்பளம் போயிற்று. அப்படியானால் அந்நோய் எங்கிருந்து வந்தது? சேர்ந்த நாளில் இல்லை, ஊழியத்திலும் வரவில்லை, வானத்திலிருந்தா விழுந்தது? இதற்கு விடை எழுதவேண்டிய கட்டம் பல கோப்புகளில் வெறுமையாகக் கிடக்கிறது. சிலவற்றில் "தேகக்கூறு" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

இது இரக்கத்தைப் பற்றிய விஷயமன்று. தேசத்திற்கு உழைத்தவனுக்குத் தர்மம் செய்யுங்கள் என்று நாம் கையேந்தி நிற்கவில்லை. சர்க்கார் தானே இயற்றிய விதியைத் தானே மீறித் தீர்ப்புச் சொல்லுகிறது. பின்னர் அப்பிழையைக் கண்டுபிடித்து, நிரூபித்து, திருத்திக்கொள்ளும் சுமையை அங்கவீனனுடைய தலையிலேயே ஏற்றுகிறது. இதுவே நமது வழக்கு.

விவரம் அறியாத நேயர்களுக்காக நடைமுறையைச் சுருக்கிச் சொல்லுவோம். நோயினாலோ காயத்தினாலோ படையிலிருந்து விலக்கப்படும் சிப்பாய் ஊனப் பென்ஷன் பெறுவதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஊனம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாதிருக்கவேண்டும். அவ்வூனம் ஊழியத்தால் நேர்ந்ததாகவோ, முன்னிருந்தது ஊழியத்தால் மிகுந்ததாகவோ இருக்கவேண்டும். படை வைத்தியர் குழு ஒன்று இரண்டையும் குறித்து அபிப்பிராயம் எழுதும். அதன்மேல் பென்ஷன் இலாகா தீர்மானம் செய்யும். தரைப்படையினருக்கு இது நெடுங்காலமாக அலஹாபாத்தில், இன்று பிரயாகராஜ் என வழங்கும் ஊரில் இருக்கும் கணக்கு இலாகாவின் காரியம். மனு தள்ளப்பட்டால் முதல் அப்பீல். அதுவும் தள்ளப்பட்டால் இரண்டாவது அப்பீல். இரண்டும் இலாகாவின் குழுக்களிடமே. அதற்கப்பால்தான் நியாயஸ்தலம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டு 2009 முதல் நடந்துவரும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கிறது. அதற்கு முன்னர் பெரும்பாலும் ஹைக்கோர்ட்டில் ரிட் மனுப் போடுவதே வழியாயிருந்தது.

இனி விதி சொல்லுவதென்ன? 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் மிகத் தெளிவானவை. வக்கீலின் உதவியின்றியே விளங்கிக்கொள்ளத் தக்கவை. ஐந்தாம் விதியின்படி, சேர்ந்த சமயத்தில் குறித்துவைக்கப்பட்ட குறையைத் தவிர மற்றெல்லா வகையிலும் சிப்பாய் தேகத்திலும் மனத்திலும் திடமாயிருந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வைத்தியக் காரணத்தால் விலக்கப்பட்டால், அந்த நலிவு ஊழியத்தால் வந்தது என்றே கொள்ளவேண்டும். ஒன்பதாம் விதியின்படி, நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரனைச் சேர்ந்ததன்று. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே. பதினான்காம் விதி, நோய் சேர்க்கைக்கு முந்தியது, ஆயினும் அக்காலப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாதது என்று வைத்தியர்கள் கருதினால், அதற்குக் காரணம் எழுதவேண்டுமென்கிறது. இக்கொள்கை நம் நாட்டில் புதிதாய் முளைத்ததன்று. நிரூபணச் சுமை சிப்பாயின் மேலில்லையென்று பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொந்தச் சேனைக்கு 1943-இலேயே, உலக யுத்தத்தின் நடுவிலேயே, ஒப்புக்கொண்டது.

ஆகவே காரணம் எழுதாத வைத்தியக் குழுவின் முடிவு வெறும் அபிப்பிராய பேதமன்று. அது சட்டப் பிழை. இந்த வித்தியாசத்தை நேயர்கள் நன்றாக மனத்திற்கொள்ளவேண்டும். வைத்தியர் இருவர் ஒரே நோயைக் குறித்து இருவேறாக நினைக்கலாம்; அதில் நாம் தலையிட வரவில்லை. வைத்திய நூல் கற்றவரோடு வக்கீல் ஏன் வாதாடவேண்டும்? ஆனால் காரணம் எழுது என்று விதி சொல்லியிருக்க, எழுதாமலே ஒருவனுடைய ஜீவனத்தைப் பறித்தால், அங்கே வைத்தியம் முடிந்து சட்டம் தொடங்கிவிடுகிறது.

தர்மவீர் சிங் வழக்கு இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். அவர் 1985-இல் தரைப்படையின் செய்தித்தொடர்புப் பிரிவில் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பதாண்டு ஊழியத்திற்குப் பின், வலிப்பு நோயின் காரணமாக 1994-இல் நூற்றுக்கு 20 பங்கு நிரந்தர ஊனத்துடன் விலக்கப்பட்டார். சேர்க்கைக் கடுதாசிகளில் அந்நோயைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. ஊழியத்தோடு சம்பந்தமில்லையென்று வைத்தியக் குழு எழுதிற்று. ஏன் என்று எழுதவில்லை. பென்ஷன் இலாகா மனுவைத் தள்ளிற்று. ஹிமாசலப் பிரதேச ஹைக்கோர்ட்டில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார், சர்க்கார் விடவில்லை, டிவிஷன் பெஞ்சு அதை மாற்றிற்று. 2013 ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அத்தீர்ப்பில் நூதனமான தத்துவம் எதுவுமில்லை. நீதிபதிகள் 1982-ஆம் ஆண்டு விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்கள், வைத்தியக் குழு காரணம் சொல்லவில்லையென்பதைக் கண்டார்கள், பொறுப்பு சர்க்காருடையதென்றார்கள். விதியை உள்ளபடி வாசித்துக் காட்டுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இதைவிட விசித்திரமான சங்கதியொன்று உண்டு. முற்காலத்தில் வைத்தியக் குழு சிப்பாய்க்குச் சாதகமாக எழுதினாலும் பென்ஷன் இலாகா அதை ஏற்பதில்லை. சிப்பாயை ஒருமுறையும் கண்ணால் பாராத உத்தியோகஸ்தர்கள், கடுதாசியை மட்டும் புரட்டி, ஊனம் ஊழியத்தால் வந்ததன்று என்றோ, விழுக்காடு குறைவு என்றோ மாற்றி எழுதிவிடுவார்கள். 1993-இல் மொஹிந்தர் சிங் என்ற சப்பர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது; மேற்பட்ட வைத்தியக் குழு நேரில் பரிசோதித்தாலன்றி முதற்குழுவின் அபிப்பிராயத்தை மாற்றுதல் கூடாதென்றது. சரி, வைத்தியர் வாக்கே வேதவாக்கு என்று ஏற்பட்டதா? சாதகமாய் எழுதிய வைத்தியரை மேஜையில் இருந்தவர் மறுத்த காலம் போய், பாதகமாய் எழுதிய வைத்தியரை எவரும் கேள்வி கேட்கலாகாது என்று சர்க்கார் வக்கீல் வாதாடும் காலம் வந்தது! சிப்பாய்க்கு நன்மையானபோது வைத்தியர் சொல் காற்று, தீமையானபோது கல்வெட்டு.

2013-க்குப் பின் நிலைமை சீர்ப்பட்டிருக்க வேண்டும். 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கிலும், 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் முதலியோர் வழக்குகளிலும் சுப்ரீம் கோர்ட்டு அதே கொள்கையை மீண்டும் வற்புறுத்திற்று. பின்னவை சர்க்கார் தொடுத்த அப்பீல்கள் என்பதை மறக்கலாகாது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் மற்றொரு பிரச்சினை தீர்ந்தது. ஊன விழுக்காட்டைக் கணக்கிடுவதில் வைத்தியர்க்கு வைத்தியர் வேறுபடுவதால், 50-க்குக் குறைந்ததை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் கொள்ளும் முறை 1996 முதல் ஏற்பட்டிருந்தது. நோயால் இடையில் விலக்கப்பட்டவருக்கு மட்டுமே இச்சலுகை. ஊனத்தோடு தவணை முடித்து வெளியேறியவருக்கு இல்லை என்று சர்க்கார் சாதித்தது. நூற்றுக்கணக்கான அப்பீல்களை ஒருங்கே தள்ளி, அவர்களுக்கும் உண்டென்று கோர்ட்டு தீர்த்தது. நூற்றுக்கணக்கான அப்பீல்கள்! எதிர்க்கட்சியில் நின்றவர்கள் யார்? பகை நாட்டாரா, வரி ஏய்த்தவர்களா? கால் ஊன்ற முடியாதவரும் காது கேளாதவரும் இருதய நோயாளருமான நமது சிப்பாய்கள். ராணுவ மந்திரியாயிருந்த மனோஹர் பரிக்கர் 2015-இல் நியமித்த நிபுணர் குழுவும் இந்த வியாஜ்ய வெறியைக் கண்டித்து, ஊனமுற்றோர்க்கு விரோதமான அப்பீல்களைக் குறைக்கும்படி யோசனை கூறிற்று.

கோர்ட்டுக்கு வந்தவன் ஜயிக்கிறான். வாராதவன் கதி என்ன? இங்கேதான் நமது முக்கியமான ஆக்ஷேபம் இருக்கிறது. இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ உள்ள கிராமமொன்றில், 1990-களில் விலக்கப்பட்ட சிப்பாய் ஒருவர் இருக்கிறாரென்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோப்பிலும் அதே ஒரு வரிதான், அதே வெறுங்கட்டந்தான். 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவருக்கும் பொருந்தும். ஆனால் அத்தீர்ப்பு டில்லியில் பிறந்த செய்தியை அவருக்கு அறிவிப்பார் எவர்? கோப்பு சர்க்காரிடமே இருக்கிறது; தள்ளியது தவறென்று சர்க்காருக்கு இப்பொழுது தெரியும்; ஆயினும் மனு வரட்டும் என்று காத்திருக்கிறது.

மனு வந்த பிறகாவது முழு நியாயம் கிடைக்கிறதா? 1983-இல் விலக்கப்பட்டு 1999-இல் ஹைக்கோர்ட்டை அணுகிய தார்சேம் சிங் என்பவருடைய வழக்கை 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. பென்ஷன் மறுப்பு மாதந்தோறும் தொடரும் தீங்காதலால் தாமதத்தைக் காட்டி வழக்கைத் தள்ளலாகாது என்றது, அது நன்று. ஆனால் பாக்கித் தொகையை மனுப் போட்ட தேதிக்கு முந்திய மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்வந்த பல வழக்குகளில் இந்த அளவுகோலே பின்பற்றப்பட்டது. பழைய கணக்குகளைக் காலவரையின்றித் திறந்தால் எவருக்கும் அமைதியிராது என்ற நியாயத்தை நாம் அறியாதவரல்லோம். காலவரையறைச் சட்டத்தைப் படித்துத் தேறியவரே. ஆனால் அந்த நியாயம் இரு வியாபாரிகளுக்கிடையே கடன் பத்திரத்துக்குப் பொருந்தும். இங்கே ஒரு கட்சி சர்க்கார், விதியும் அதனுடையது, வைத்தியர்களும் அதனுடையவர்கள், கோப்பும் அதன் பெட்டியில். மறுகட்சி, தன் வைத்தியக் குழு நடவடிக்கையின் பிரதியைக் கூடக் கண்டிராத சிப்பாய். பதினாறு ஆண்டு பிழைக்கு மூன்றாண்டுத் தொகையே கொடுப்பதென்றால், எஞ்சிய பதின்மூன்றாண்டுத் தொகை பிழை செய்தவருக்கு லாபமாய் நின்றுவிடுகிறது. தன் தவற்றால் ஒருவன் தானே லாபமடைதல் கூடாதென்பது சட்டக் கல்லூரியின் முதல் வகுப்புப் பாடம்.

வேறு விதமாக நடத்த முடியுமா என்று கேட்பவர் அமெரிக்க ஐக்கிய நாட்டைப் பார்க்கலாம். அங்கும் பழைய காலம் பெருமைப்படத்தக்கதன்று. சிப்பாயின் பென்ஷன் வழக்கில் வக்கீல் பத்து டாலருக்குமேல் கூலி வாங்கலாகாதென்று 1864-இல் ஏற்பட்ட கட்டுப்பாடு 1988 வரை நீடித்தது. இலாகாவின் முடிவை விசாரிக்கத் தனிக் கோர்ட்டும் அந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் உண்டாயிற்று. (பத்து டாலருக்கு எந்த வக்கீல் வருவான்? நமது தொழிலை நாம் நன்கறிவோம்.) ஆனால் 1997-இல் அவர்களுடைய காங்கிரஸ் சட்டமாக்கிய ஒரு கொள்கை நாம் கைக்கொள்ளத்தக்கது. பழைய முடிவொன்றில் தெளிவான, ஐயத்துக்கிடமற்ற பிழை இருக்குமாயின், எத்தனை ஆண்டு கழிந்தாலும் அதைத் திருத்தும்படி கேட்கலாம். இலாகா தானே முன்வந்தும் திருத்தலாம். திருத்தப்பட்டால், முதல் முடிவு செய்த நாளிலேயே சரியாகத் தீர்மானித்திருந்தால் எப்படியோ அப்படியே பாக்கி முழுவதும் கொடுக்கவேண்டும். மூன்றாண்டு, ஐந்தாண்டு என்ற பேச்சில்லை.

அந்த வாசல் அகலமானது என்று மயங்கவும் வேண்டாம். அன்று கோப்பிலிருந்த சாட்சியத்தையும் அன்றிருந்த சட்டத்தையும் கொண்டே பிழையைக் காட்டவேண்டும். சாட்சியத்தை வேறுவிதமாக எடைபோட்டிருக்கலாம் என்பது போதாது. பிழை இல்லாதிருந்தால் முடிவே மாறியிருக்கும் என்பதும் தெளிவாகவேண்டும். 2022-இல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு மேலும் சுருக்கிற்று. 1975-இல் படையில் சேர்ந்த ஒருவருடைய மனு 1977-இல் தள்ளப்பட்டது. சேர்ந்தபோது திடமாயிருந்தான் என்ற அனுமானமே அவ்வழக்கிலும் பிரச்சினை. மனுவைத் தள்ள ஆதாரமாயிருந்த இலாகா விதி சட்டத்துக்கு முரணானதென்று பிற்காலத்தில் ஏற்பட்டது. ஆயினும் அன்று அமுலிலிருந்த விதியைப் பின்பற்றியது அந்தச் சட்டம் கருதும் பிழையாகாதென்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். நமக்கு அந்த மூவர் சொல்லே நியாயமாகப் படுகிறது. ஆனால் கவனியுங்கள்: நமது சிப்பாயின் வழக்கு அந்த அமெரிக்கரின் வழக்கினும் பலமானது. அங்கே விதியே தவறு. இங்கே விதி சரியாயிருந்தது, அதைப் பின்பற்றவில்லை. அமெரிக்காவின் குறுகிய வாசலிலும் நமது 1982-ஆம் ஆண்டு விதிக்குட்பட்ட சிப்பாய் தலைகுனியாமல் நுழைந்துவிடுவான்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை மறைக்கமாட்டோம். ஊனப் பென்ஷனை வாழ்க்கை நோய்களுக்கெல்லாம் வாங்குகிறார்கள், இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் காட்டிப் பொக்கிஷத்தைக் கரைக்கிறார்கள் என்று சொல்லப்படுகிறது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஊனப் பென்ஷன் பெறுவோர் பங்கு சிப்பாய்களில் பெறுவோர் பங்கைவிட மிகுதியென்று கணக்குத் தணிக்கை இலாகாவும் எடுத்துக்காட்டியிருக்கிறது. விதிகளும் இறுகிவந்திருக்கின்றன. 2008-ஆம் ஆண்டு விதிகளில் பழைய அனுமானம் முன்போல் வெளிப்படையாய் இல்லை; விலகிப் பதினைந்தாண்டுக்குப் பின் மனுச் செய்பவனே நிரூபிக்கவேண்டுமென்றும் ஏற்பட்டது. 2023 செப்டம்பரில் மீண்டும் புதிய விதிகள் வந்தன. ஊனத்தோடு ஊழியத்தில் நீடித்தவர்க்குரிய தொகைக்குப் பெயரையும் மாற்றினார்கள். பொய் மனுக்கள் சில இருக்கலாம். அவற்றைக் கண்டுபிடித்துத் தள்ளட்டும். ஆனால் தள்ளுவதற்கு என்ன வேண்டும்? காரணம் வேண்டும், சாட்சியம் வேண்டும், நோயாளியைப் பரிசோதித்து எழுதிய விவரம் வேண்டும். காரணம் எழுது என்ற விதி மோசக்காரனுக்குப் பகையே தவிர நண்பனன்று. ஒரு வரியில் முடிவெழுதும் வழக்கத்தாலோ, சாமர்த்தியசாலி வக்கீலை வைத்து வென்றுவிடுகிறான். எழுத்தறிவு குறைந்த சிப்பாய் வீட்டுக்குப் போய்விடுகிறான். அதிகாரிகள் பங்கு மிகுதியென்ற கணக்கிலிருந்து சிப்பாய்க்கு இறுக்கம் வேண்டுமென்ற முடிவு எப்படிப் பிறக்கிறதென்பது நமக்கு விளங்கவில்லை.

ஆகையால் ராணுவ இலாகா செய்யவேண்டிய காரியம் கஷ்டமானதன்று. 1982 முதல் ஊழியத் தொடர்பில்லையென்று தள்ளிய கோப்புகளை அதுவே எடுத்துப் பார்க்கட்டும். காரணக் கட்டம் வெறுமையாயுள்ளவற்றையும், ஒற்றைச் சொல்லால் நிரப்பப்பட்டவற்றையும் தனியே பிரிக்கட்டும். அவற்றுக்குரியவர் உயிரோடிருந்தால் அவருக்கும், இறந்திருந்தால் அவர் மனைவிக்கும் அறிவித்து, முதல் நாளிலிருந்தே கொடுக்கட்டும். இதற்குச் சட்டம் குறுக்கிட்டால் பார்லிமெண்டில் ஒரு சிறு மசோதா போதும். மூன்றாண்டு என்ற வரம்பு கோர்ட்டு வகுத்தது. பார்லிமெண்டு அதை மாற்ற அதிகாரமுடையது. தமிழ்நாட்டிலிருந்து சென்றுள்ள அங்கத்தினர்களில் ஒருவரேனும் இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவரலாகாதா? படைவீரரைப் புகழ்ந்து பேசாத கட்சி நாட்டில் இல்லை.

அதுவரையில் தேசத் தொண்டர்களான நமது நேயர்கள் சும்மா இருக்கவேண்டுவதில்லை. ஊர்தோறும் முன்னாள் சிப்பாய்கள் இருக்கிறார்கள். மனு தள்ளப்பட்டவர் எவரெனக் கேட்டறிந்து, மூன்று கடுதாசிகளின் பிரதியைப் பெற உதவுங்கள்: சேர்ந்தபோது செய்த வைத்தியப் பரிசோதனைத் தாள், விலக்கிய வைத்தியக் குழுவின் நடவடிக்கை, எந்தெந்த இடத்தில் எத்தனை காலம் ஊழியம் செய்தாரென்ற பதிவு. இலாகா கொடுக்க மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவலுரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அப்பீலுக்குரிய தவணை தவறியிருந்தாலும் கலங்கவேண்டாம், தாமதத்திற்குக் காரணம் காட்டி மனுச் செய்யலாம். தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது, டில்லி போகவேண்டியதில்லை. அங்கே தோற்றவருக்கு ஹைக்கோர்ட்டின் கதவை 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சாத்தியிருந்தது. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே அதை மீண்டும் திறந்துவிட்டது. வக்கீல் நண்பர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம்.

கடுதாசிகள் கைக்கு வந்ததும் முதலில் சேர்க்கைத் தாளைப் பாருங்கள். நோய்க் குறிப்பு இல்லையென்றால், குழு நடவடிக்கையில் காரணம் எழுதும் கட்டத்திற்குப் போங்கள். அதுவும் வெறுமையாயிருந்தால், அவ்விரு தாள்களையுமே முதற் சாட்சியமாக வைத்து அன்றைக்கே மனுவை எழுதத் தொடங்கலாம்.